அப்பா விட்ட வாய்ஸ்மெயிலை அழியாமல் எப்படி எடுத்து வைப்பது?

ஜெலுத்தோங்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. என் வாய்ஸ்மெயிலில் அவர் விட்ட செய்திகள் நான்கு இருக்கின்றன. வேலை இடத்தில் பகலில் நான் போனை எடுக்க முடியாது, அவருக்கோ எழுதி அனுப்பிப் பழக்கமில்லை, அதனால் மணி அடித்து ஓய்ந்து, செய்தி விடச் சொல்கிற அந்தத் தானியங்கிப் பெண் குரல் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்து பேசிவிட்டுத்தான் வைப்பார். மூன்று செய்தி சின்னது. "சாப்பிட்டியா", "மழை வருது, துணிய எடுத்து உள்ள போட்டுட்டேன்", இப்படித்தான். நான்காவது தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி விட்டது. "தேர் இன்னும் வரலம்மா, நீ மெதுவா வா, நான் தண்ணீர்ப் பந்தல்கிட்டதான் நிக்கிறேன்" என்கிறார். அப்புறம் போனை வைக்க மறந்துவிட்டார். சட்டைப் பையில் போட்டிருப்பார் போல, துணி உரசுகிற சத்தம், தூரத்தில் தவில், யாரிடமோ "மோர் இருக்கா? சீனி போடாதீங்க" என்று கேட்கிறார், அந்த ஆள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், மறுபடி துணிச் சத்தம். மொத்தம் 1 நிமிடம் 50 விநாடி.

ஒவ்வொரு தடவை கேட்ட பிறகும் சேமிக்கச் சொல்கிற எண்ணை அழுத்துகிறேன். என்றைக்காவது தவறி அழிக்கிற எண்ணில் விரல் பட்டுவிடுமோ என்று பயந்து இப்போது கேட்பதையே குறைத்துவிட்டேன். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது, வேறு நிறுவனத்துக்கு மாறினால் மாதம் முப்பது வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் என்று தம்பி சொல்கிறான். மாறினால் இந்தச் செய்திகள் கூடவே வருமா?

ஒரு போன் கடையில் கேட்டேன், போனை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள், உள்ளேயிருந்து எடுத்துத் தருகிறோம் என்றார்கள், 150 வெள்ளி. கொடுக்க மனம் வரவில்லை. நானே ஸ்பீக்கரில் போட்டுத் தம்பி போனில் பதிவு செய்து பார்த்தேன், அப்பா தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கிறது, பின்னால் வீட்டுக் காற்றாடி சத்தம் வேறு.

இன்னொன்று. கடைசி ஒரு வருடம் அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொண்டார். எனக்கும் அம்மாவுக்கும் அனுப்பியது நிறைய இருக்கிறது. அவருடைய எண் பிரீபெய்டு. அதை அப்படியே விட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்_ஒலிபெருக்கி

தங்கச்சி, முதலில் ஒரு விஷயம், நிறுவனம் மாறாதீர்கள். செய்திகளை எடுத்து முடிக்கிறவரை திட்டத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

வாய்ஸ்மெயில் உங்கள் போனுக்குள் இல்லை. அது தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது, நீங்கள் அழைத்துக் கேட்கும்போது அங்கிருந்து ஒலிக்கிறது, அவ்வளவுதான். அதனால் போனைப் பிரித்து எடுத்துத் தருகிறேன் என்று சொன்ன கடைக்காரரால் எதையும் எடுக்க முடியாது, 150 வெள்ளியைக் கொடுக்காதது நல்லது. எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோனால் எண் மட்டும்தான் போகும், பழைய வாய்ஸ்மெயில் பெட்டி அங்கேயே மூடப்படும். எனக்கு நடந்தது இது. என் பெரியக்கா ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட ஒரே ஒரு செய்தி அந்தப் பெட்டியில் இருந்தது. எண்ணை மாற்றிய மறுநாள் புதுப் பெட்டி காலியாக இருந்தது, பழைய நிறுவனத்துக்கு மூன்று தடவை அழைத்தேன், கணக்கு மூடியாயிற்று என்ற பதில்தான் வந்தது. சேமித்த செய்திக்கும் நாள் கணக்கு உண்டு, அது முடிந்தால் தானாக அழிந்துவிடும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் சேமிப்பை அழுத்தி வருவது சரிதான், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

நான் கோயில் திருவிழா, கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி போடுகிறவன், இப்படிப்பட்ட பதிவுகளை நாலைந்து பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பிடித்தால் அறையின் எதிரொலியும் சேர்ந்து வரும், டப்பா சத்தம் என்று நீங்கள் சொல்வது அதுதான். கம்பி வழியாக எடுங்கள். போனில் ஹெட்போன் துளை இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி ஒன்று மாட்டி, இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீட்டர் முனை உள்ள சாதாரண ஒலிக் கம்பியை மடிக்கணினிக்குக் கொண்டுபோங்கள். மடிக்கணினியில் மைக்குக்குத் தனித் துளை இல்லையென்றால் யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்று கேளுங்கள், விரல் நீளம்தான் இருக்கும், அங்கே பினாங்கில் கொம்தார் கட்டடத்தைச் சுற்றியுள்ள கணினிக் கடைகளில் கிடைக்கும், நான் கோலாலம்பூர் லோ யாட் கடைத்தொகுதியில் இருபது சொச்சம் வெள்ளிக்கு வாங்கினேன். அதில் மைக் படம் போட்ட துளையில் சொருகுங்கள்.

கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். மோனோ, விநாடிக்கு 48000 மாதிரி என்று வைத்து, பதிவை ஓடவிட்ட பிறகுதான் வாய்ஸ்மெயிலுக்கு அழைக்க வேண்டும். அழைப்பு இணைந்ததும் போனில் ம்யூட் போட்டுவிடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் போன் உங்கள் அறைச் சத்தத்தையும் லேசாக உங்கள் காதுக்கே திருப்பி அனுப்பும், அது பதிவில் விழும். ம்யூட்டில் இருந்தாலும் எண் அழுத்துவது வேலை செய்யும். முதலில் சின்னச் செய்தியைப் போட்டு அளவு பாருங்கள், ஒலி அலை உச்சத்தில் கோட்டைத் தொட்டுத் தட்டையாகக் கூடாது, மைனஸ் 6 டெசிபல் பக்கம் நின்றால் போதும். பிறகு நான்கையும் ஒரே ஓட்டமாக எடுங்கள். நடுவில் அந்தத் தானியங்கிப் பெண் குரல் "இந்த நாள், இந்த மணிக்கு வந்த செய்தி" என்று சொல்லுமே, அதையும் வெட்டாதீர்கள். பின்னால் தேதிக்கு அதுதான் சாட்சி.

சேமிக்கும்போது வேவ், அதாவது ஒலியைச் சுருக்காத கோப்பு. எம்பி3 வேண்டாம், அது குடும்பத்துக்கு அனுப்ப ஒரு நகலாக மட்டும் இருக்கட்டும். 48000, 24 பிட், மோனோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு 8.6 எம்பிதான் ஆகும், உங்கள் தைப்பூசச் செய்தி முழுசும் 16 எம்பிக்குள் அடங்கிவிடும். இன்றைய காலத்தில் அது ஒரு இடமே இல்லை.

குரல் மங்கலாக இருந்தால் பதிவில் தவறு என்று நினைக்க வேண்டாம். சாதாரணத் தொலைபேசி வழி 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் விடும், விநாடிக்கு 8000 மாதிரிதான் எடுக்கும். "ச", "ஸ" ஒலிகளின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது, அது நிறுவனத்தின் பெட்டிக்கே வந்து சேரவில்லை. தவிலிலும் வலது பக்கமான வலந்தலையின் டணார் என்ற கூர்மை பாதி போய்விட்டிருக்கும். இருப்பது முழுதாக வந்தால் போதும்.

தமிழ்ப்பள்ளி_டீச்சர்

உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. புலனத்தை, அதாவது வாட்ஸ்அப்பைப் பற்றி நான் சொல்கிறேன், என் மாமியாரின் பதிவுகளை இரண்டு வருடத்துக்கு முன் இப்படித்தான் எடுத்தேன்.

அப்பாவின் எண்ணை விட்டுவிடாதீர்கள். பிரீபெய்டு எண் காலாவதியானால் கொஞ்ச நாளில் நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும், அவர் அந்த எண்ணில் புலனம் திறந்தால் உங்கள் அப்பாவின் போனில் இருக்கிற புலனக் கணக்கு தானாக வெளியேற்றப்பட்டுவிடும். அதோடு 120 நாள் யாரும் பயன்படுத்தாத கணக்கைப் புலனமே நீக்கிவிடும். மூன்று மாதம் என்கிறீர்கள், அதாவது 90 நாள் ஆகிவிட்டது. இன்றைக்கே அந்தப் போனுக்கு மின்னேற்றி, வைஃபையில் போட்டு, புலனத்தைத் திறந்து வையுங்கள். செயலியை நீக்கவோ, போனைச் சுத்தம் செய்து யாருக்கும் கொடுக்கவோ கூடாது.

ஆண்ட்ராய்டு போன் என்றால் குரல் பதிவுகள் தனித்தனிக் கோப்பாகவே உள்ளே இருக்கும். யூஎஸ்பி கம்பியில் கணினியோடு இணைத்து, ஆண்ட்ராய்டு என்ற கோப்புறை, அதற்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸ்அப் என்று போய்க்கொண்டே இருந்தால் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்ற கோப்புறை வரும். வாரத்துக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கும், வருடமும் வார எண்ணும்தான் அதன் பெயர். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதி இருக்கும், அதனால் பெயரை மாற்றாமல் அப்படியே மொத்தமாக நகலெடுங்கள். ஓபஸ் என்ற வகைக் கோப்பு, விஎல்சி என்ற செயலியில் போட்டால் பாடும். எம்பி3 ஆக மாற்றினால் ஏற்கெனவே சுருக்கிய ஒலியை இரண்டாவது தடவை சுருக்குவதாகிவிடும், ஆகவே மூலம் ஓபஸாகவே இருக்கட்டும்.

ஒரு சிக்கல், அந்தக் கோப்புறையில் எல்லாருடைய பதிவும் கலந்து கிடக்கும், யார் பேசியது என்று பெயரில் தெரியாது. அதற்கு உங்கள் போனில் அப்பாவின் உரையாடலைத் திறந்து, ஏற்றுமதி என்பதைத் தேர்ந்து, மீடியாவுடன் என்று கொடுங்கள். எழுத்துக் கோப்பு ஒன்றும் பதிவுகளும் சேர்ந்து வரும், எழுத்துக் கோப்பில் எந்த நேரத்தில் யார் அனுப்பினார் என்று வரி வரியாக இருக்கும். அம்மாவின் போனிலும் இதையே செய்யுங்கள். மீடியாவுடன் எடுத்தால் கடைசி 10,000 செய்தி வரைதான் வரும், குடும்ப உரையாடலுக்கு அது தாராளம். எடுப்பதற்கு முன் மேலே போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள், அம்புக்குறியோடு இறக்காமல் கிடக்கிற பதிவு இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏற்றுமதியில் அது விடுபடும். தானாக மறையும் செய்தி என்ற அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவு உண்டு. மாமியாரின் போனில் யாரோ 90 நாள் வைத்துவிட்டிருந்தார்கள், அதனால் நாங்கள் இழந்தது நிறைய.

பட்டர்வொர்த்_குமரன்

ஐபோன் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார், அங்கே வாய்ஸ்மெயில் பட்டியலாகவே திரையில் வரும், ஒன்றைத் தொட்டுப் பகிர் பொத்தானை அழுத்தினால் வாய்ஸ் மெமோஸுக்கோ கோப்புகளுக்கோ நேரே போய்விடும். கம்பி எதுவும் வேண்டாம். அந்தப் பட்டியல் வராத இணைப்பு என்றால், ஐஓஎஸ் 18.1 முதல் அழைப்புத் திரையிலேயே பதிவு பொத்தான் வந்திருக்கிறது. வாய்ஸ்மெயிலுக்கு அழைத்தவுடன் அதை அழுத்துங்கள், "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு குரல் சொல்லி முடித்த பிறகு செய்தியை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குரல் அப்பா பேசுவதன் மேல் விழுந்துவிடும். பதிவு நோட்ஸ் செயலியில் இருக்கும்.

அப்புறம், இப்போது சத்தத்தை நீக்குகிற செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நிறைய வந்துவிட்டன. அந்தத் துணி உரசும் சத்தம், தவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அப்பா குரலை மட்டும் தெளிவாகக் கேட்கலாம். முயற்சி செய்து பாருங்கள்.

செந்தூல்_ஒலிபெருக்கி

குமரன் தம்பி, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செய்தால் நகலில் செய்யட்டும், மூலத்தில் ஒரு விநாடியைக்கூடத் தொடக் கூடாது. அந்தக் கருவிகள் எது மனிதக் குரல், எது இரைச்சல் என்று ஊகித்துத்தான் வெட்டுகின்றன. தொலைபேசி ஒலி ஏற்கெனவே குறுகியது, அதில் வெட்டினால் குரலின் ஓரமும் சேர்ந்து போகும், சில கருவிகள் இல்லாததைத் தாங்களாகவே நிரப்பியும் கொடுக்கும். அப்படி வருவது அவர் பேசியது ஆகாது.

அந்தத் துணிச் சத்தத்தை இரைச்சல் என்று எப்படிச் சொல்வது? அவர் சட்டைப் பையோடு நடந்து போகிறார், அது அவர் நடை. மோர் கேட்கிறார், சீனி வேண்டாம் என்கிறார். பேசி முடித்த பிறகு வருவது தேவையில்லை என்று வெட்டியிருந்தால் மகளிடம் பேசிய பத்து விநாடி மட்டும்தானே மிஞ்சியிருக்கும். நான் எடுத்துக் கொடுத்த பதிவுகளில் குடும்பம் திரும்பத் திரும்பக் கேட்பது இப்படிப்பட்ட இடங்களைத்தான். பின்னால் சேவல் கூவுவது, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவது.

பிரிக்பீல்ட்ஸ்_வாசன்

எங்கள் வீட்டில் பழைய பதில் சொல்லும் கருவி ஒன்று இருந்தது, யாரும் போனை எடுக்காதபோது அழைத்தவர் பேசுவதைப் பதிவு செய்வது, சின்னக் கேசட் போடுவது. அந்தக் கேசட் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தாத்தா தோட்டத்திலிருந்து விட்ட செய்திகள் அதில் இருந்தன. இப்படி யாரிடமாவது இருந்தால் அவசரப்பட்டு ஓடவிட வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளைப் பொடி போல ஓரத்தில் தெரியும், அதை அப்படியே ஓட்டினால் கருவியின் தலையிலும் ஒட்டி நாடாவையும் கீறிவிடும். எங்களுடையதில் பூஞ்சணம் இல்லை. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுக் கருவியின் தலையைத் துடைத்துக் காயவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துவிட்டோம். அந்தக் கேசட்டுக்கு விநாடிக்கு 2.4 சென்டிமீட்டர், 1.2 சென்டிமீட்டர் என்று இரண்டு வேகம் உண்டு. வேகத்தை மாற்றிப் போட்டால் தாத்தா சின்னப் பையன் குரலில் பேசுவார், பயந்துவிட வேண்டாம், பொத்தானை மாற்றினால் சரியாகிவிடும்.

கோப்பை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நகல் வேண்டும், இரண்டு வேறு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு வீட்டில். குறுந்தட்டில் மட்டும் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பினாங்குக் கடல் காற்றுக்கு அது தாங்காது. பென்டிரைவும் வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கிற பொருளில்லை. கணினியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டு வன்தட்டில் ஒன்று. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் மூன்றையும் திறந்து கேட்டுப் பாருங்கள்.

கூடவே ஒரு எழுத்துக் கோப்பு. யார் பேசுகிறார், எங்கே நின்று பேசுகிறார், பின்னால் கேட்பது யார் குரல், எந்தத் தேர். நமக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறோம். பினாங்கில் 2017 முதல் தங்கத் தேரும் வருகிறது, அப்பா காத்திருந்தது வெள்ளித் தேருக்கா, தங்கத் தேருக்கா என்று பேரப்பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். எங்கள் தாத்தா செய்தியில் "மணியம் வந்துட்டான்" என்கிறார். அந்த மணியம் யார் என்று சொல்ல இப்போது வீட்டில் ஆள் இல்லை.

ஜெலுத்தோங்_மகள்

எல்லாருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டீச்சர் எழுதியதைப் படித்த அன்றைக்கே அப்பா போனுக்கு மின்னேற்றினேன். முழுசாக அணைந்து கிடந்தது. புலனம் திறந்தது, எல்லாம் அப்படியே இருந்தன. மொத்தம் 212 பதிவு, அதில் 40க்கு மேல் அம்மாவுக்கு மட்டும் அனுப்பியவை. கோப்புறையை மொத்தமாக நகலெடுத்தோம், இரண்டு போனிலும் ஏற்றுமதியும் செய்தாயிற்று. அம்மா போனில் ஏழு பதிவு இறக்காமல் கிடந்தது. அதில் ஐந்து இறங்கியது, இரண்டு வரவில்லை. அந்த இரண்டும் அப்பா போனிலேயே இருந்ததால் தப்பித்தோம்.

வாய்ஸ்மெயில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தோம். செந்தூல் அண்ணே, நீங்கள் சொன்னபடியே கம்பி, சவுண்ட் கார்டு, ம்யூட். முதல் தடவை அளவு அதிகமாகி அலை தட்டையாகிவிட்டது, குறைத்துவிட்டு மறுபடி எடுத்தோம். ஹெட்போனில் கேட்டபோது தகர டப்பா சத்தம் சுத்தமாக இல்லை. இதுவரை எனக்குக் கேட்காத ஒன்றும் கேட்டது, "மெதுவா வா" என்று சொல்வதற்கு முன் மூச்சை ஒரு தடவை இழுத்து விடுகிறார். அந்த மாதம்தான் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது, எங்களிடம் சொல்லவில்லை. எதையும் வெட்டவில்லை, அந்தப் பெண் குரல் தேதி சொல்வதோடு அப்படியே வைத்திருக்கிறேன். நிறுவனம் மாறுவதைத் தம்பியே இரண்டு மாதம் தள்ளிப்போடலாம் என்று சொல்லிவிட்டான். ஒரு நகல் ஜொகூரில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறது.

வாசன் அண்ணே சொன்ன எழுத்துக் கோப்புக்காக அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். அம்மா அதுவரை ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மோர் கேட்கிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரிக்கிறாரே அந்த ஆள், அவர் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவராம், வருடா வருடம் அதே பந்தலில்தான் மோர் ஊற்றுவாராம். பெயரைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். காத்திருந்தது வெள்ளித் தேருக்கு. அப்பா அதைப் பார்க்காமல் வீட்டுக்கு வர மாட்டார் என்றார் அம்மா. பிறகு, இன்னொரு தடவை போடு என்றார்.

அப்பா எண்ணுக்கு நேற்று பத்து வெள்ளி போட்டேன்.